சிக்கனச் சினிமாவும் அற்புதக் கதைகளும்

சென்ற வாரம் ஒரு வாலிபத் தோழர் நமது ஆபீசுக்கு வந்திருந்தார். கூட்டங்களில் பெஞ்சு தூக்கிப் போடுவதிலும், பத்திரிகை விற்றுக் கொடுப்பதிலும் சலிக்காதவர். வந்தவர் கையில் ஒரு கற்றைக் காகிதம் இருந்தது. "ஐயா, நான் ஒரு சினிமாப் படம் எடுக்கப் போகிறேன். மொத்தச் செலவு 3 லட்சம் ரூபாய்தான். கணக்கெல்லாம் போட்டுவிட்டேன். நீங்கள் ஒரு தரம் பார்த்துச் சொல்லவேண்டும்" என்றார். சினிமா என்றால் கோடி கோடியாய்க் கொட்டுகிற வியாபாரம் என்றே கேட்டுப் பழகிய நாம் கொஞ்சம் ஆச்சரியப்பட்டு, "அதெப்படித் தோழரே முடியும்?" என்று கேட்டோம். அதற்கு அவர், அமெரிக்காவில் ராபர்ட் ரோட்ரிகஸ் என்பவர் 7,000 டாலரில் ஒரு படம் எடுத்துப் பிரசித்தி அடைந்துவிட்டார் என்றும், வங்காளத்தில் சத்யஜித் ரே மனைவியின் நகையை அடகு வைத்துப் படம் எடுத்து உலகப் புகழ் பெற்றார் என்றும், இப்பொழுது செல்போனிலேயே படம் எடுத்துவிடலாம் என்றும், மனத்துணிவு ஒன்று இருந்தால் மற்றதெல்லாம் தானாக வந்து சேரும் என்றும் மளமளவென்று சொல்லிக்கொண்டே போனார். கடைசிக் காகிதத்தில் "கைமுதல்" என்ற தலைப்பின் கீழ் "அம்மா வளையல் 4" என்று எழுதியிருந்தது. "அம்மாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டோம். பதில் இல்லை.

அந்தத் தோழரைக் குறை சொல்லுவதற்காக இதை எழுதவில்லை. இப்படிப்பட்ட வாலிபர்கள் இன்று ஊருக்கு 4 பேர், 5 பேர் இருக்கிறார்கள். அவர்களுடைய ஆசை நியாயமானதே. பணக்காரன் எடுக்கிற படத்தில் பெரும்பாலும் பணக்காரன் சங்கதிதான் வரும் என்பதும், நம்முடைய சேரியும், தறிக்குழியும், பீடி சுற்றுகிற திண்ணையும் உள்ளபடி திரையில் வரவேண்டுமானால் நம்மவர்களே எடுத்தால்தான் உண்டு என்பதும் நாம் ஒப்புக்கொள்ளுகின்ற விஷயங்களாகும். ஆனால் அந்தக் காரியத்துக்கு இவர்கள் கைக்கொள்ளுகின்ற ஆதாரம் எது என்று பார்த்தால், அது கணக்கு அல்ல. அற்புதக் கதைகளாகவே இருக்கின்றது. காரைக்கால் அம்மையார் கேட்டவுடனே கையில் மாம்பழம் வந்து விழுந்தது என்று சொன்னால் வயிறு குலுங்கச் சிரிக்கின்ற தோழர், ரோட்ரிகஸ் கையில் 7,000 டாலருக்கு ஒரு படம் வந்து விழுந்தது என்று சொன்னால் மாத்திரம் கன்னத்தில் போட்டுக்கொள்ளுகிறார். இரண்டு கதைக்கும் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். கணக்கு எங்கே?

ரோட்ரிகஸ் விஷயத்தில் நல்ல வேளையாகக் கணக்கு இருக்கின்றது. ஆகவே அதையே பார்ப்போம்.

அந்தப் படத்தின் பெயர் 'எல் மரியாச்சி'. 1991ல் எடுக்கப்பட்டது. ரோட்ரிகஸுக்கு அப்பொழுது 23 வயது. டெக்ஸாஸ் மாகாணத்திலிருந்து ஆற்றைத் தாண்டினால் மெக்ஸிகோ நாட்டில் சியுதாத் அகூனியா என்று ஒரு ஊர். அது அவருடைய சிநேகிதரும் படத்தின் கதாநாயகருமான கார்லோஸ் கல்லார்டோவின் சொந்த ஊர். கைமுதல் எப்படி வந்தது என்றால், ஆஸ்டின் நகரத்தில் புது மருந்துகளைச் சோதித்துப் பார்க்கின்ற ஒரு நிலையத்தில், கொழுப்பைக் குறைப்பதற்கான மருந்து ஒன்றைத் தம் உடம்பிலே சோதித்துப் பார்க்கச் சம்மதித்து, ஏறக்குறைய ஒரு மாதம் உள்ளேயே அடைபட்டுக் கிடந்து 3,000 டாலர் சம்பாதித்தார். கதையையும் அங்கேயே உட்கார்ந்து எழுதினார். தம்மைப் போலவே உடம்பை வாடகைக்கு விட அங்கே வந்திருந்த ஒருவரையே படத்துக்கு வில்லனாகவும் போட்டுக்கொண்டார். மனத்துணிவு என்று நமது தோழர் சொன்னாரே, அந்தத் துணிவுக்கு விலை அவருடைய சொந்த உடம்பு. வேறு யாருடைய வளையலும் அல்ல.

அடுத்தபடியாக அவர் செய்த காரியந்தான் மிகவும் கெட்டிக்காரத்தனமானது. கதையை எழுதி வைத்துக்கொண்டு அதற்கு வேண்டிய சாமான்களைத் தேடி அவர் அலையவில்லை. இரவலாக என்னென்ன கிடைக்கும் என்று முதலில் ஒரு ஜாபிதா எழுதினார். ஒரு பஸ், ஒரு மதுக்கடை, ஒரு நாய், ஒரு கிடார் பெட்டி. இவைகளை வைத்துக்கொண்டு என்ன கதை சொல்லலாம் என்று பிறகு யோசித்தார். கேமராவும் இரவல்தான். அது ஓடும்போது சத்தம் போடுகின்ற யந்திரமானதால் படம் எடுக்கும்போதே பேச்சைப் பதிய முடியாது. ஆகவே ஒரு காட்சி முடிந்தவுடன் நடிகர்களை நிறுத்தி, அதே வசனத்தை மறுபடியும் பேசச் சொல்லி டேப்பில் பிடித்து, அப்புறம் உதட்டோடு பொருத்தினார். பொருந்தாத இடத்தில் சட்டென்று நாயின் முகத்தைக் காட்டிச் சமாளித்தார்! கேமராவைத் தள்ளிக்கொண்டு போக ஒரு சக்கர நாற்காலி. வெளிச்சத்துக்கு இரண்டு சாதாரண விளக்குகள். பிலிம் வீணாகக் கூடாது என்று பெரும்பாலும் ஒரு காட்சிக்கு ஒரே தடவைதான். இப்படியெல்லாம் செய்து ஆன செலவு 7,225 டாலர். அதிலும் பெரும் பகுதி பிலிம் வாங்கவும், அதைக் கழுவவும், வீடியோவுக்கு மாற்றவுமே போய்விட்டது.

இதுவரையில் எல்லாம் உண்மை. மெச்சத்தக்கதும்கூட. ஆனால் கணக்கு என்றால் எழுதியதை மாத்திரம் படித்தால் போதாது. எழுதாமல் விட்டதையும் படிக்க வேண்டும். இந்தப் படத்தில் நடித்தவர்களில் பெரும்பாலோருக்குச் சம்பளம் இல்லை. டைரக்டர், கேமராமேன், எடிட்டர் எல்லாம் ரோட்ரிகஸ் ஒருவரே. அவருக்கும் சம்பளம் இல்லை. படத்தை அவர் எடுத்தது தியேட்டருக்காகவே அல்ல. ஸ்பானிஷ் பாஷை வீடியோக் கடைகளுக்கு விற்று, வருகிற காசில் இன்னொரு படம் எடுத்துப் பழகலாம் என்பதுதான் அவர் போட்ட திட்டம். கொலம்பியா என்ற பெரிய கம்பெனி அதை வாங்கிய பிறகு, தியேட்டரில் காட்டக்கூடிய பிலிமுக்கு மாற்றவும், ஒலியைத் திருத்தவும் ஏறக்குறைய 2 லட்சம் டாலர் செலவழித்தது. அதாவது எடுத்த செலவைப் போல் சுமார் 28 மடங்கு! இதற்கு மேல் விளம்பரத்துக்கும் விநியோகத்துக்கும் லட்சக்கணக்கான டாலர்கள். 1993ல் சன்டான்ஸ் பட விழாவில் பரிசு பெற்றதும், அந்த வருஷமே தியேட்டர்களுக்கு வந்து சுமார் 20 லட்சம் டாலர் வசூலித்ததும் வாஸ்தவந்தான். என்றாலும் ஜனங்கள் டிக்கெட் வாங்கிப் பார்த்த படம் 7,000 டாலர் படம் அல்ல. இதை ரோட்ரிகஸ் மறைக்கவும் இல்லை. 1995ல் புஸ்தகமே எழுதி எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிட்டார். மறைத்தவர்கள், கதையைச் சுருக்கி மேடையில் சொல்லிக் கைதட்டல் வாங்குகின்றவர்கள்.

நிற்க, செல்போன் சங்கதிக்கு வருவோம். பிலிம் செலவு இன்று அடியோடு ஒழிந்து போயிற்று என்பதில் சந்தேகமில்லை. 2015ல் வெளிவந்த 'டான்ஜரின்' என்ற அமெரிக்கப் படத்தை ஷான் பேக்கர் என்பவர் மூன்று ஐபோன்களை வைத்துக்கொண்டே எடுத்தார். அதைச் சொல்லாத வாலிபன் இல்லை. ஆனால் அந்தப் படத்துக்கு ஆன செலவு சுமார் 1 லட்சம் டாலர் என்பதை மாத்திரம் யாரும் சொல்லுவதில்லை. பிலிமும் இல்லை, பெரிய கேமராவும் இல்லை என்றால் பின்னே 1 லட்சம் டாலர் எங்கே போயிருக்கும்? யந்திரச் செலவைக் கழித்துவிட்டால் மிச்சம் நிற்பது மனிதர்கள்தான். அவர்களுடைய கூலி, சாப்பாடு, போக்குவரத்து, அவர்கள் உட்கார்ந்து வெட்டி ஒட்டிச் சத்தம் சேர்க்கிற மாதக்கணக்கான வேலை. யந்திரம் மலிவாகிக்கொண்டே போகலாம், வயிறு மலிவாவதில்லை. ஆகையால் இந்தக் காலத்தில் ஒருவர், "நான் மிகமிகக் குறைந்த செலவில் படம் எடுத்தேன்" என்று சொன்னால், அவர் யாருடைய கூலியைக் கொடுக்காமல் விட்டார் என்பதே நாம் முதலில் விசாரிக்க வேண்டிய சங்கதியாகும்.

நமது தோழரின் கணக்கில் இது வெட்டவெளிச்சமாய்த் தெரிந்தது. 22 ஆட்கள், 30 நாள் வேலை, சாப்பாட்டுக்கு ரூ. 20,000 என்று போட்டிருந்தார். பென்சிலைக் கொடுத்துப் பெருக்கிப் பார்க்கச் சொன்னோம். 22ஐ 30ஆல் பெருக்கினால் 660 ஆள்-நாள். 20,000 ரூபாயை அதற்குப் பங்கு போட்டால் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 30 ரூபாய். இரண்டு டீயும் ஒரு வடையும் ஆகும். விடியற்காலம் வந்து விளக்கு தூக்குகின்றவன் சாயங்காலம் வரையில் இதில் எப்படி நிற்பான்? ஆளுக்கு ரூ. 150 என்று வைத்தாலே 99,000 ரூபாய் ஆகிறது. தினக்கூலி ரூ. 500 வீதம் கொடுத்தால் 3,30,000 ரூபாய். அதாவது மொத்தப் படச் செலவுக்கும் மேல். சம்பளம் என்ற இடத்தில் அவர் தொகை எதுவும் போடவில்லை. "நட்பு" என்று எழுதியிருந்தார்.

இந்த "நட்பு" என்கிற வார்த்தை பொல்லாத வார்த்தை. ஜமீன்தார் கூலி கொடுக்காமல் வேலை வாங்கியபோது அதற்கு வெட்டி என்று பெயர் வைத்தான். கோவில்காரர்கள் கைங்கரியம் என்று பெயர் வைத்தார்கள். நம்முடைய புதுச் சினிமாத் தோழர்கள் நட்பு என்கிறார்கள். பேர்தான் வேறே தவிர, இராத்திரி வீட்டுக்குப் போகிறவன் கை மூன்றிலும் காலியாகத்தான் இருக்கிறது. அல்லாமலும், நட்புக்காக 30 நாள் சும்மா வந்து நிற்க யாரால் முடியும்? வீட்டில் சோறு இருக்கிறவனால் முடியும். பிள்ளை குட்டிக்காரனாலும், அன்றன்று கூலிக்குப் போய் அடுப்பெரிக்கிற வீட்டுப் பெண்ணாலும் முடியாது. ஆகவே ஏழைகளைப் பற்றி ஏழைகளே எடுக்கப்போகிற படம் என்று ஆரம்பித்தது, கடைசியில் சும்மா வரக்கூடிய வசதிக்காரர் பிள்ளைகள் எடுக்கின்ற படமாகவே போய் முடியும். கூலி கொடுப்பது தர்மமல்ல. யார் உள்ளே வரலாம் என்று கதவைத் திறந்து வைக்கிற காரியம்.

"படம் ஓடினால் பங்கு கொடுத்துவிடுவேன், ஐயா" என்றார். நல்லது. எத்தனை பங்கு, எந்த வருமானத்தில், எந்தத் தேதிக்குள் என்று காகிதத்தில் இருக்கிறதா என்று கேட்டோம். அதுவும் இல்லை. 1999ல் 'பிளேர் விட்ச் ப்ராஜெக்ட்' என்று ஒரு அமெரிக்கப் படம் சொற்பச் செலவில் எடுக்கப்பட்டு, உலகம் பூராவும் ஏறக்குறைய 24.8 கோடி டாலர் வசூலித்தது. காட்டிலே கேமராவைத் தாங்களே தூக்கிக்கொண்டு நடித்த மூன்று நடிகர்களும் அதற்குப் பிறகு 25 வருஷம் கழித்து, 2024ல், தங்களுக்கு நியாயமாகச் சேரவேண்டியதைக் கொடுக்கச் சொல்லிப் பகிரங்கமாகக் கேட்க வேண்டியதாயிற்று. படம் தோற்றால் பங்கு கேட்க ஆள் வராது. ஜெயித்தால்தான் சண்டை வரும். ஆகையால் படம் ஜெயித்துவிடும் என்று உண்மையாகவே நம்புகின்றவன் முதல் நாளே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கட்டும்.

இன்னொரு வரியைப் பார்த்ததும் நமக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பூஜை, பூசணிக்காய் வகையறா – ரூ. 5,000". "தோழரே, நீங்களா?" என்றோம். "எனக்கு நம்பிக்கை இல்லை, ஐயா. முதல் நாள் பூஜை போடாவிட்டால் கேமராக்காரர் மனம் சங்கடப்படும். கடைசி நாள் பூசணிக்காய் உடைப்பதும் வழக்கம்" என்று தலையைச் சொரிந்தார். வழக்கத்துக்கு ஒரு வரி இருக்கிறது. மழைக்கு ஒரு வரி இல்லை! நடிகருக்குக் காய்ச்சல் வந்தால், ஒரு ஹார்ட் டிஸ்க் கெட்டால், வாடகைக்கு எடுத்த லென்ஸ் கீழே விழுந்தால் பூசணிக்காயா பதில் சொல்லும்? எந்த ஊர்ச் சினிமாக் கணக்கிலும், போட்ட தொகையின் மேல் 100க்கு 10 வீதமாவது எதிர்பாராத செலவுக்கென்று தனியாக ஒதுக்குவது வழக்கம். வருவது தெரியாது என்று ஒப்புக்கொண்டு அதற்குக் காசு எடுத்து வைப்பது அறிவு. தெரியாததற்குப் பயந்து தேங்காய் உடைப்பது இன்னொன்று.

செலவைக் குறைக்க வேறு வழியே இல்லையா என்றால், தாராளமாக இருக்கின்றது. ஆனால் அது கூலியில் கை வைப்பதில் இல்லை. கதையில் கை வைப்பதில் இருக்கின்றது. சினிமாவில் மிகவும் விலை கூடிய சாமான் நாள்தான். ஒரு நாள் குறைந்தால் அத்தனை பேருடைய சாப்பாடும், கூலியும், வாடகையும், வண்டியும் ஒரேயடியாய்க் குறைகின்றது. நமது தோழரின் கதையில் 17 இடங்கள் வந்தன. ஒரு இடத்திலிருந்து மூட்டை கட்டி இன்னொரு இடத்தில் இறக்கி விளக்குப் போடுவதற்குள் அரை நாள் போய்விடும். வீதியில் இராத்திரிக் காட்சி என்றால் ஜெனரேட்டர், அதிகப்படி விளக்கு, அதிகப்படி ஆள். கலியாணக் கூட்டம் ஒன்று வருகிறது. 60 பேருக்குச் சாப்பாடு. கலியாணம் நடக்கிறதைக் காட்டத்தான் வேண்டுமா, மறுநாள் காலையில் பந்தல் பிரிக்கிறதைக் காட்டினால் போதாதா என்று கேட்டோம். பேனாவில் ஒரு வரி அடித்தால் பணத்தில் ஐயாயிரம் மிச்சம். ரோட்ரிகஸ் கதையில் கற்றுக்கொள்ள வேண்டியது 7,000 என்கிற எண்ணை அல்ல; அந்த ஜாபிதாவை.

அப்புறம், படம் எடுத்து முடிந்ததோடு செலவு முடிந்தது என்று இவர்கள் நினைக்கிறார்கள். அது சுவர் எழுப்பியவுடன் குடி போகலாம் என்பது போலத்தான். எடிட்டிங், டப்பிங், சங்கீதம், நிறம் திருத்துவது, ஒலி சேர்ப்பது எல்லாம் பாக்கி. தியேட்டருக்குப் போவதானால் சென்சார் சர்ட்டிபிகேட், டிஜிட்டல் முறையில் தியேட்டர்களுக்குப் படம் அனுப்புகின்ற கம்பெனிக்குக் கட்டணம், சுவரொட்டி, விளம்பரம். எத்தனையோ படங்கள் இந்த இடத்திற்கு வந்து, காசில்லாமல், டிஸ்குக்குள்ளேயே கிடக்கின்றன.

சத்யஜித் ரே விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் அந்த நகைக் கதைதான் அதிகமான வீடுகளைக் கெடுக்கக்கூடியது. 'பதேர் பாஞ்சாலி' படத்தை அவர் 1952ல் ஆரம்பித்தார். இன்சூரன்ஸ் பாலிசியின் பேரில் கடன் வாங்கினார். மனைவி பிஜோயாவின் நகைகள் அடகுக்குப் போயின. அவர் ஆபீஸ் உத்தியோகத்தை விட்டுவிடாமல் லீவு நாட்களில்தான் படம் எடுத்தார். இவ்வளவும் செய்து படம் முடிந்ததா என்றால், இல்லை. காசு தீர்ந்து வேலை நின்றது. மாதக்கணக்காய் நின்றது. கடைசியில் முடித்துக் கொடுத்தது மேற்கு வங்காள சர்க்கார் பணம். படத்தின் பெயர் பாதையைப் பற்றியது என்பதால் சர்க்கார் தஸ்தாவேஜில் அது ரோடு அபிவிருத்திச் செலவாக எழுதப்பட்டதாகச் சொல்லுவார்கள்! 1955ல் படம் வெளிவந்தது. ஆகவே நகை படத்தை ஆரம்பித்தது. ஜனங்களின் வரிப் பணம் முடித்தது. அந்தப் பணம் வராமல் போயிருந்தால் நமக்குப் படம் இருந்திருக்காது. அந்த அம்மையாரிடம் அடகுச் சீட்டு இருந்திருக்கும். அப்படி அடகுச் சீட்டோடு நின்றுபோனவர்களின் கதையை யாரும் மேடையில் சொல்லுவதில்லை. தேர்ச் சக்கரத்தில் விழுந்து பிழைத்தவன் கதைதான் ஸ்தல புராணத்தில் ஏறும்.

பின்னே பணத்துக்கு என்னதான் வழி என்றால், நகையை விட்டால் வட்டிக்காரன் என்று இரண்டே வழி இருப்பதாக நினைக்கவேண்டியதில்லை. 1976ல் ஷியாம் பெனகல் எடுத்த 'மந்தன்' படத்துக்குக் குஜராத்தில் பால் கூட்டுறவுச் சங்கங்களைச் சேர்ந்த 5 லட்சம் குடியானவர்கள் ஆளுக்கு 2 ரூபாய் கொடுத்தார்கள். 10 லட்சம் ரூபாய் ஆயிற்று. படம் வந்தபோது லாரி லாரியாய் ஏறி வந்து, தங்கள் சொந்தப் படம் என்று பார்த்தார்கள். கேரளத்தில் ஜான் ஆபிரகாம் என்பவர், முன்பு தமிழில் 'அக்கிரகாரத்தில் கழுதை' எடுத்து 1977ம் வருஷத்துக்கு மிகச் சிறந்த தமிழ்ப் படம் என்று தேசியப் பரிசு பெற்றவர், சிநேகிதர்களோடு சேர்ந்து கோழிக்கோட்டில் ஒடேசா என்று ஒரு கூட்டம் அமைத்தார். சாப்ளினுடைய 'தி கிட்' படத்தை ஊர் ஊராய்ப் போட்டுக் காட்டி, பறையடித்து ஜனங்களைக் கூட்டி, அவர்கள் கொடுத்த சில்லறையைச் சேர்த்து 1986ல் 'அம்மா அறியான்' என்ற படத்தை வெளியிட்டார். எந்த முதலாளிக்கும் அதில் பங்கு இல்லை. இந்த வழி சுலபமானதல்ல. ஊர்ப் பணத்தை வாங்கினால் ஊருக்குக் கணக்குச் சொல்லவேண்டும், ஆறு வருஷம் கழித்து ஒரு கிழவி வழிமறித்து, "என் அஞ்சு ரூபாய் என்ன ஆச்சு?" என்று கேட்டால் நின்று பதில் சொல்லவேண்டும். ஆனால் அம்மாவுக்குத் தெரியாமல் பெட்டியைத் திறக்கவேண்டிய அவசியம் இராது.

அந்தத் தோழர் நேற்று மறுபடியும் வந்தார். கற்றை இப்பொழுது இரண்டே காகிதமாய் இளைத்திருந்தது. ஒரு வீடு, ஒரு தெரு, 9 ஆட்கள், 12 நாள். இராத்திரிக் காட்சிகளை வீட்டுக்குள்ளேயே மாற்றியிருந்தார். டைரக்டர் முதல் டீ கொண்டுவருகிறவர் வரையில் எல்லோருக்கும் ஒரே கூலி, தினம் ரூ. 800; ஆக 86,400. சாப்பாடு 16,200. கேமரா, ஒலிக் கருவி வாடகை 60,000. வண்டிக்கும் டிஸ்குக்கும் 15,000. எடிட்டிங் முதல் ஒலி சேர்ப்பது வரையில் 70,000. இதன் மேல் 100க்கு 10 வீதம் எதிர்பாராச் செலவு 24,760. மொத்தம் ரூ. 2,72,360. அதாவது கூலியே இல்லாத முதல் கணக்கைவிடக் கூலியோடு போட்ட இந்தக் கணக்கு 27,640 ரூபாய் குறைவு! பூசணிக்காயைக் காணோம். வளையல் வரியை அடித்துவிட்டு, "நபர் 550, ஆளுக்கு ரூ. 500" என்று எழுதி, ஒரு ரசீதுப் புஸ்தகமும் அச்சடித்துக் கொண்டு வந்திருந்தார். முதல் ரசீது அவருடைய அம்மா பேரில் இருந்தது. சென்சார் கட்டணம் இந்தக் கணக்கிலும் விட்டுப் போயிருந்ததைச் சுட்டிக் காட்டினோம். பென்சிலை வாங்கி எழுதிக்கொண்டார்.